வாசல்படி ஏறாத தண்ணீர்: எங்கள் தெருக்களின் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்துவிட்டது. சென்னை வேளச்சேரியில் நம் நான்கு தெருக்களில் இந்த முறை எந்த வீட்டு வாசல்படியையும் தண்ணீர் ஏறவில்லை. மழை குறைச்சல் என்று சொல்லிவிட்டுப் போகலாம், ஆனால் அதே மழைக்குப் பக்கத்துத் தெருவில் முழங்கால் அளவு நின்றது. ஐப்பசி பிறப்பதற்கு முன்பே வேலையில் இறங்கியவர்களால் வந்த வித்தியாசம் இது. அவர்களுக்கு நன்றி சொல்வதோடு, செய்த வேலையையும் அடுத்த வருஷத்துக்காக எழுதி வைக்கிறோம். பெயர் போட வேண்டாம் என்று பலரும் கேட்டுக்கொண்டதால் பெயர்கள் இல்லை.

முதல் வணக்கம் மாநகராட்சித் தூய்மைப் பணியாளர்களுக்கும் அவர்களுடைய மேஸ்திரிக்கும். நம் தெருக்களில் வடிகால் இல்லாமல் இல்லை. வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் வாய்தான் மூடிக் கிடந்தது. பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டு, பக்கச் சுவரில் விட்டிருந்த ஓட்டைகள் பாதிக்கு மேல் புதைந்துவிட்டன. (மில்லிங் செய்துவிட்டுத்தான், அதாவது பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான், புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். ஒப்பந்தக்காரர் வந்து நிற்கும்போது இதை நினைவுபடுத்துவது நம் வேலை.) கடப்பாரையால் தார்க்கட்டியை உடைத்து ஒவ்வொரு ஓட்டையையும் திறந்தார்கள். அதற்குக் கீழே இருக்கும் வண்டல் தொட்டியையும் அள்ளினார்கள். வடிகாலின் தரையைவிட ஓர் அடி பள்ளமாக இருக்கும் அந்தத் தொட்டியில்தான் மண் தங்க வேண்டும். அது நிரம்பிவிட்டால் அதன் பிறகு வரும் மண் எல்லாம் வடிகாலுக்குள்தான் போகும்.

தெருமுனையிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று நாங்கள் சொன்னோம். மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வெளியேறும் கடைசிப் பக்கத்தைத் திறந்துவிட்டுத்தான் மேல்பக்கம் வர வேண்டும், இல்லாவிட்டால் மேலே கிளறிவிடும் சேறு கீழே போய் அடைத்துக்கொள்ளும் என்றார். ஸ்லாப் போட்டு மூடிய பகுதியில், "ஆளை இறக்கினால் சீக்கிரம் முடியுமே" என்று நம்மவர்கள் சிலரே அவசரப்படுத்தினார்கள். அவர் முடியாது என்று சொல்லி தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடைப்பெடுக்கும் ஜெட் வண்டி வரும்வரை வேலையை நிறுத்தி வைத்தார். பாதுகாப்பில்லாமல் ஆளைச் சாக்கடைக்குள் இறக்கத் தடை விதிக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும், அந்த மூடிய பகுதிக்குள் விஷவாயு இருந்திருந்தால் யார் பதில் சொல்வது? அந்தப் பிடிவாதத்துக்குத் தனி நன்றி.

அள்ளிய சேற்றை அன்று மாலையே ஏற்றிப்போக லாரி அனுப்பிய வார்டுப் பொறியாளருக்கும் நன்றி. கரையிலேயே விட்டுவைத்த சேறு முதல் தூறலிலேயே திரும்ப வடிகாலுக்குள் போய்விடும்.

அடுத்து நம் பிளம்பர். சித்திரை வெயிலில் மழைநீர் வடிகாலில் தண்ணீர் ஓடினால் அது மழைநீர் இல்லை, யாரோ ஒருவர் வீட்டுக் கழிவுநீர்தான். சந்தேகம் இருந்த வீடுகளில் சொல்லிவிட்டு, பாத்ரூமில் கலர்ப் பொடியைக் கரைத்து ஊற்றினார். வடிகாலில் ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார். கலர் வந்த வீடுகளுக்குப் பாதாளச் சாக்கடை இணைப்பைச் சரிசெய்து கொடுத்தார். சண்டை வராமல் இதை முடித்தது அவருடைய சாமர்த்தியம்.

ஓர் உணவகத்திலிருந்து வந்த எண்ணெய்ப் பிசுக்கு வடிகாலில் வெள்ளைக் கட்டியாக உறைந்திருந்தது. அதன் உரிமையாளர் மறுப்புச் சொல்லாமல் இரண்டு அறைத் தொட்டி கட்டி, நடுவில் 'டி' (T) வடிவக் குழாய் வைத்துக்கொண்டார். எண்ணெய் மேலே மிதக்கும், தண்ணீர் மட்டும் அடியிலிருந்து அடுத்த அறைக்குப் போகும். வாரம் ஒருமுறை மேலே மிதப்பதை வழித்து எடுக்காவிட்டால் தொட்டி இருந்தும் பயனில்லை. இதுவரை தவறாமல் எடுக்கிறார்.

உறைகிணறு இறக்கிய குழுவினர் செய்தது கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியது. மழைநீரை நிலத்துக்குள் இறக்கும் நம் தெருவோர உறைகிணறுகள் 3 அடி விட்டம், 15 அடி ஆழம். முழுவதும் ஜல்லி கொட்டி மூடி வைத்திருந்தோம், அதுதான் வழக்கம் என்பதால். காலியாக இருந்தால் ஒரு கிணறு சுமார் 3,000 லிட்டர் பிடிக்கும். ஜல்லி நிரப்பினால் இடுக்குகளில் நிற்பது ஏறக்குறைய 1,200 லிட்டர்தான். சேறு இறங்கிவிட்டால் அதுவும் போச்சு, அடியில் அடைத்த சேற்றை எடுக்கவும் வழியில்லை. அவர்கள் ஜல்லி முழுவதையும் வெளியே எடுத்துவிட்டு, கிணற்றுக்குப் பக்கத்தில் 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழத்தில் ஒரு வடிகட்டித் தொட்டி கட்டினார்கள். அடியில் 40 எம்எம் ஜல்லி, அதன் மேல் 20 எம்எம், அதன் மேல் நைலான் வலை, வலைக்கு மேல் அரை அடி பருமணல். தெருத்தண்ணீர் இதில் வடிந்துதான் கிணற்றுக்குள் போகும். அடைத்துக்கொண்டால் வலையோடு மணலைத் தூக்கி அலசிப் போட்டால் போதும்.

அவர்களிடம் கற்றுக்கொண்ட இன்னொன்று: கிணற்றுத் தண்ணீரை இறைக்க பெட்ரோல் மோட்டாரைக் கயிறு கட்டி உள்ளே இறக்கவே கூடாது. அதன் புகை கிணற்றுக்குள்ளேயே தங்கி, அடுத்து இறங்குபவரின் உயிரை எடுத்துவிடும். மோட்டாரை மேலேயே, கிணற்றைவிட்டுத் தள்ளி வைத்து, ஹோஸை மட்டும் உள்ளே விட்டார்கள்.

மொட்டை மாடிகளைப் பெருக்கிய கல்லூரிப் பிள்ளைகளுக்கு நன்றி. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது அவசரத்துக்குக் குழாயை மண்ணில் செருகிவிட்ட வீடுகள் இங்கேயும் உண்டு. அவற்றைக் கண்டுபிடித்து, குழாயின் அடியில் எண்ட் கேப் (திறந்து மூடும் மூடி) வைத்துக் கொடுத்தார்கள். முதல் மழைக்கு அதைத் திறந்துவிட்டுத் தூசியும் எச்சமும் போனபிறகு மூட வேண்டும். 1,000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 930 லிட்டர். லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்ற 2019 கோடை ஞாபகம் இருப்பவர்களுக்கு அதன் மதிப்பு தெரியும்.

மாநகராட்சியின் புகார் எண்ணான 1913-க்குப் புகார் கொடுக்கும் பொறுப்பை ஏற்ற ஓய்வுபெற்ற ஆசிரியை அம்மாவை விட்டுவிட முடியாது. "பிள்ளையார் கோவில் பக்கம்" என்று சொன்னால் வருபவர் எந்தப் பிள்ளையார் என்று தேடுவார். அம்மா ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்துத் தெருவிளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொன்னார், புகார் எண்ணை நோட்டில் குறித்தார், முடிந்துவிட்டது என்று குறுஞ்செய்தி வந்தால் நேரில் போய்ப் பார்த்தார். டீ கொடுத்த கடைக்காரருக்கும், கார்களை நகர்த்தி நிறுத்தியவர்களுக்கும் நன்றி.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம் தண்ணீர் வீராங்கால் ஓடைக்கும், அங்கிருந்து பள்ளிக்கரணை சதுப்பு நிலம், ஒக்கியம் மடுவு, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாக முட்டுக்காட்டுக் கடல் முகத்துவாரத்துக்கும் போக வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பார்த்ததுபோல் அந்த வழியே நிரம்பிவிட்டால் நம் வடிகால் எவ்வளவு சுத்தமாக இருந்தும் தண்ணீர் நகராது. அதற்கான மனுவைத் தனியாகத் தயார் செய்கிறோம், கையெழுத்துப் போட வாருங்கள்.

வரவு செலவுக் கணக்கு சங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. கிணறுகளிலிருந்து எடுத்த ஜல்லியை அலசி மூட்டையாகக் கட்டி பூங்கா மதிலோரம் வைத்திருக்கிறோம். வீட்டில் வடிகட்டித் தொட்டி கட்டுபவர்கள் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். காலி மூட்டைப்பையை மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அடுத்த புரட்டாசிக்கு வேண்டும்.

இப்படிக்கு,
நிர்வாகக் குழு,
குடியிருப்போர் நலச் சங்கம், வேளச்சேரி