பரணில் இருந்த பேட்

அன்பு மகளுக்கு,

நம் பெண்கள் கிரிக்கெட் அணி உலகக் கோப்பை ஜெயித்ததும் திடீரென்று முளைத்த ரசிகர்களைப் பற்றி நேற்று போனில் நீ பொரிந்து தள்ளியது இன்னும் காதிலேயே இருக்கிறது. "வரிசையா மூணு மேட்ச் தோத்தப்போ இவங்கெல்லாம் எங்கம்மா போயிருந்தாங்க? கப் ஜெயிச்சதும் ஸ்டேட்டஸ் போட வந்துட்டாங்க!"

உன் ஆதங்கம் நியாயமானதுதான். 2013 பெண்கள் உலகக் கோப்பையில், மும்பையில், நம் ஊர் திருஷ் காமினி சதம் அடித்தார். உலகக் கோப்பையில் இந்தியப் பெண் ஒருவர் அடித்த முதல் சதம் அது. நம் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. பேப்பரில் வந்த துண்டுச் செய்தியை நீதான் வெட்டி, கணக்கு நோட்டின் அட்டையில் ஒட்டி வைத்தாய்.

ஆனால் 2017-ஐ நினைத்துப் பார். உலகக் கோப்பை அரையிறுதியில் நம் ஹர்மன்ப்ரீத் கவுர் 171 ரன் அடித்த பிறகுதான் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். லண்டன் லார்ட்ஸ் மைதானத்தில் இறுதிப் போட்டியில் 9 ரன்னில் தோற்றதும் பாதிப் பேர் எழுந்து போனார்கள். போகட்டும். மீதிப் பேர் இருந்தார்களே! பையன்களுக்கு நடுவே நீ ஒருத்தி மட்டும் பயிற்சி எடுத்த அதே மைதானத்தில், அதன் பிறகுதான் பெண்களுக்கென்று தனி நேரம் ஒதுக்கினார்கள். மகளைச் சேர்க்க வந்து நின்ற அப்பாக்களில் யார் பழைய ரசிகர்? 2023-ல் மகளிர் பிரீமியர் லீக் தொடர் வந்ததுகூட இப்படிப் புதிதாக வந்த கூட்டத்தை நம்பித்தான். உன்னையும் என்னையும் போல நாலு பேரை மட்டும் நம்பி யாரும் ஸ்டேடியத்தில் விளக்குப் போட மாட்டார்கள்டி.

2025 நவம்பர் 2 அன்று, மழையால் உலகக் கோப்பை இறுதிப் போட்டி தாமதமாகத்தான் தொடங்கியது. சீரியல் தவிர வேறெதுவும் பார்க்காத எதிர்வீட்டு அக்கா, பேத்தியோடு வந்து உட்கார்ந்தார். "இந்தப் பந்து போடுற பொண்ணு பேரு என்ன?" என்று கேட்டார். தீப்தி சர்மா என்றேன். அடுத்த விக்கெட் விழுந்தபோது "நம்ம தீப்தி!" என்று கத்தினார். நள்ளிரவில் ஹர்மன்ப்ரீத் பின்னால் ஓடிக் கடைசி கேட்சைப் பிடித்ததும் என் கையை இறுக்கிக்கொண்டு அழுதார். அந்த அழுகையில் எனக்குக் குறை எதுவும் தெரியவில்லை.

மறுநாள் காலை அந்தக் குட்டி மட்டும் வாசலில் வந்து நின்றாள். "அக்காவோட பேட் இருக்கா பாட்டி?" பரணில் ஏறி எடுத்துக் கொடுத்துவிட்டேன். கிரிப் பிய்ந்து கிடக்கிறது. எந்தக் கடையில் மாற்றுவாய் என்று மட்டும் சொல், நானே கொண்டுபோகிறேன்.

அன்புடன்,
அம்மா