லாக்கப்பில் வைக்கலாமா?

ஐயா,

என் சித்தப்பா மகனுக்கு மனச்சிதைவு நோய். மருந்தை நிறுத்தியிருந்த ஒரு நள்ளிரவில், பேருந்து நிலையத்தில் யாருமில்லாத பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்திருக்கிறான். ரோந்து வந்த காவலர்கள் குடிகாரன் என்று நினைத்து இரண்டு அடி போட்டு, விடியும்வரை லாக்கப்பில் வைத்துவிட்டார்கள். சரி, குடிகாரன் என்றே வைத்துக்கொள்வோம். குடிநோயும் நோய்தானே, அதற்கு லத்திதான் மருந்தா?

மனநோயால் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாமல் திரிபவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறது 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவு. காவலர்களுக்கு அவ்வப்போது பயிற்சி தரவும் அதே சட்டம் சொல்கிறது. மறுநாள் நான் பேசிய ஏட்டையா இதைக் கேள்விப்பட்டதே இல்லை. அவரைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் உறவினர்களே அவனைப் 'பைத்தியம்' என்றுதான் குறிப்பிடுகிறார்கள்.

அமெரிக்காவின் மெம்பிஸ் நகரக் காவல்துறை மனநோயால் தவிப்பவர்களைக் கையாள 1988-இல் தொடங்கிய முறையில் காவலர்களுக்கு 40 மணி நேரப் பயிற்சி உண்டு. குரலைத் தாழ்த்துவது, சற்று விலகி நிற்பது, அவசரப்படாமல் பேச்சுக் கொடுப்பது. ஆயுதம் வாங்கும் செலவில்லை. கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பக மருத்துவர்களும், குடியிலிருந்து மீண்டவர்களும் வந்து நம் காவலர் பயிற்சிப் பள்ளிகளில் வகுப்பெடுக்கலாமே? அதுவரை, அரசின் தொலைபேசி மனநலச் சேவையான டெலி மானஸின் உதவி எண் 14416-ஐயாவது ஒவ்வொரு காவல் நிலையச் சுவரிலும் எழுதி வையுங்கள்.

ஒரு வாசகர்,
திருநெல்வேலி