ஸேமன் கீறிய கப்பல்

அன்புள்ள தம்பி,

ஆம்ஸ்டர்டாமிலிருந்து நீ அனுப்பிய கப்பல் படம் போன கிழமை வந்து சேர்ந்தது. குழாயின் ஒரு முனை நசுங்கி ஓரத்தில் மடிப்பு விழுந்திருக்கிறது. பரவாயில்லை, சட்டத்துக்குள் போனால் தெரியாது. "சாமி அறையைத் தவிர வேறெங்கையாவது கொழுவுங்கோ" என்று அம்மா சொல்லிவிட்டா.

பூதக்கண்ணாடியோடு இரண்டு பின்னேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைக் கீறிய ஒல்லாந்து ஓவியர் ரெய்னியர் நோம்ஸ் மாலுமியாக இருந்தவர். அதனால்தான் 'ஸேமன்', கடலோடி என்று கையெழுத்து வைத்தார். கயிறுகளைப் பார். ஒன்றுகூடச் சும்மா தொங்கவில்லை, ஒவ்வொன்றும் எதையோ இழுத்துப் பிடித்திருக்கிறது. கரையில் நின்று பார்த்தவன் கைக்கு இது வராது. பீரங்கி வாசல்கள் மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. வரிசையாகத் திறந்து, பல்லைக் காட்டுகிற மாதிரி.

அவர் 1664இல் இறந்தபோது எங்கள் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கம்பனியின் கைக்கு வந்து ஆறு வருடம். 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தார்கள். யானை வியாபாரம் நடத்தினார்கள், தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். நெடுந்தீவு டெல்ஃப்ட் ஆனது, இன்று காரைநகர் என்கிற காரைதீவு ஆம்ஸ்டர்டாம் ஆனது. அந்தக் கணக்கில் காரைநகர்ப் பெரியம்மாவும் உன்னைப் போல ஆம்ஸ்டர்டாம்காரிதான். சொன்னேன், அவ சிரிக்கவில்லை.

சரி, என் மனக்குறை வேறு. அவர்களுடைய கப்பல்களை நின்று கீறுவதற்கு ஒரு கடலோடி இருந்தான். வல்வெட்டித்துறைக் கரையில் மேத்திரிமார், எங்கள் கப்பல் தச்சர்கள், கட்டிய கப்பல்களை யார் கீறினார்கள்? அங்கே கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ராபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். வல்வெட்டித்துறைக் கடலோடிகள் அதைச் சூயஸ் வழியாக ஓட்டி, அத்திலாந்திக்கைக் கடந்து 1938இல் அமெரிக்காவின் குளோசெஸ்டர் துறைமுகத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். பீரங்கி இல்லை, பின்னால் ஒரு கடற்படையும் இல்லை. அப்பாச்சி அந்தக் கதையைச் சொல்லும்போது கப்பலைச் சொல்ல மாட்டா, போனவர்களின் வீட்டுப் பெண்கள் எத்தனை நாள் கோயிலில் விளக்கு வைத்தார்கள் என்றுதான் சொல்லுவா.

பேப்பரில் வந்த அன்னபூரணி படமொன்றை வெட்டி வைத்திருந்தேன். மங்கி, பாயும் வானமும் ஒன்றாகிவிட்டது. தெளிவான பிரதி கிடைத்தால் ஸேமன் படத்தின் அளவிலேயே அச்சடித்து அனுப்பு. சட்டம் போடுகிறவரிடம் இரண்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். இந்தமுறை குழாயைக் கொஞ்சம் தடிப்பாகப் பார்த்து வாங்கு.

அன்புடன்,
அப்பா