உரிந்தால் என்ன என்று கேட்டீர்களே!

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

சென்ற வார மருத்துவ இணைப்பில், மாரடைப்புக் கட்டுரையில் ஒரு வரி: ‘இரத்தக் குழாயின் உட்சுவரில் நாலு செல்கள் உரிந்தால் என்ன? அடைப்பை எடுத்தால் குழாய் புதிதாகிவிடும்.’ எழுதியவர் டாக்டர் என்று போட்டிருந்தீர்கள். எதற்கு டாக்டர் என்று போடவில்லை.

பணிக்காலம் முழுவதும் அந்தச் செல்களை வளர்த்துச் சம்பளம் வாங்கியவன் நான். பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து ஐஸ் பெட்டியில் தொப்புள்கொடி வரும். அதன் சிரையைக் கழுவி, நொதி விட்டு, உட்சுவர்ச் செல்களைப் பிரித்து, ஜெலட்டின் பூசிய தட்டில் விடுவோம். ஒட்டியவை பரவி, கூழாங்கல் பாவிய தரைபோல் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். ஒட்ட முடியாதபடி பூச்சுப் போட்ட தட்டில் அதே செல்களை விட்டால், அதே சத்துநீரில், அதே 37 டிகிரிச் சூட்டில், உருண்டு சுருங்கிச் செத்துப்போகும். செல்லின் மேலுள்ள இன்டெக்ரின் என்ற புரதங்கள் அடித்தளத்தைப் பற்றியிருக்கும்வரைதான் சாவைத் தடுக்கும் சமிக்ஞை உள்ளே போகும். பிடி விட்டால் காஸ்பேஸ் நொதிகள் விழித்துக்கொண்டு செல்லை உள்ளிருந்தே துண்டாடிவிடும். இதற்கு அனோய்கிஸ் என்று 1994-இலேயே பெயர் வைத்துவிட்டார்கள். தங்களுக்குத் தெரியாததா?

1997-இல் ஹார்வர்டு குழுவினர் இன்னொன்றும் காட்டினார்கள். செல்கள் பற்றிக்கொள்ளும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் பூசிய சின்னத் திட்டில் ஒடுங்கி நின்ற செல் செத்தது. அதே அளவு ஒட்டிடத்தைச் சிறு புள்ளிகளாகப் பிரித்துப் பரப்பி வைத்தபோது, கைகால் நீட்டிப் படர்ந்த செல் பிழைத்தது. ஒட்டுவது மட்டும் போதாது, விரிந்து நிற்கவும் வேண்டும்.

ஒன்றிரண்டு உரிவது இயல்புதான், பக்கத்துச் செல்கள் படர்ந்து மூடிவிடும். புகையும் நெடுநாள் சர்க்கரையும் அந்த உரிதலை மிஞ்ச வைத்தால் அடித்தளம் வெளியே தெரியும், தட்டணுக்கள் வந்து ஒட்டும், இரத்தம் உறையும். கொழுப்புத் திட்டு வெடிக்காமலேயே மாரடைப்பு வரும். என் மைத்துனருக்கு அப்படித்தான் வந்தது. கொலஸ்ட்ரால் கணக்கு அவருக்கு எப்போதும் சரியாகவே இருந்தது. சிகரெட்டுக்குத்தான் கணக்கே இல்லை. உள்ளே கருவி விட்டுப் படமெடுத்த மருத்துவர், திட்டு வெடிக்கவில்லை, மேற்பரப்புத்தான் உரிந்திருக்கிறது என்றார். அந்த மைத்துனரே உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு எனக்கே தொலைபேசியில் பாடம் நடத்துகிறார்!

பொங்கல் மலரில் பூண்டும் தேனும் அடைப்பைக் கரைக்கும் என்று எழுதினீர்கள். கடிதம் போட்டேன். அந்த இடத்தில் குறுக்கெழுத்துப் போட்டியைப் பாராட்டிய கடிதம் வந்தது. அதற்கு முன், ஆக்சிஜன் குறைந்த இரத்தம் ஓடுவதால் நீலம் தீட்ட வேண்டிய நுரையீரல் தமனிக்குச் சிவப்பு வண்ணம் தீட்டினீர்கள். ஆனால் ராசிபலனில் கன்னிக்கும் துலாத்துக்கும் இடம் மாறியபோது மட்டும் முதல் பக்கத்திலேயே வருத்தம் தெரிவித்தீர்கள். வாசகர் நலனில் அவ்வளவு அக்கறை.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த இணைப்பில், அதே பக்கத்தில், மூன்று வரித் திருத்தம். கூடவே, இதயக் கட்டுரை வரும்போதெல்லாம் போடுகிறீர்களே, தண்ணீர்க் குழாயைப் பிரஷ் வைத்துத் தேய்க்கும் அந்தப் படம், அதை மட்டும் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
தஞ்சாவூர்