புள்ளி வைக்காதவன் சோம்பேறியா?

ஐயா,

என் அக்கா மகன் ஐந்தாம் வகுப்பு. கதை கேட்டால் மூச்சு விடாமல் சொல்வான், எழுதச் சொன்னால் 'பட்டம்' 'படடம' ஆகிவிடும். பள்ளியில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர், நூறு முறை இம்போசிஷன் வேறு. டீச்சரைக் குறை சொல்லவும் மனசு வரவில்லை, டிஸ்லெக்சியாவை, அதாவது புத்தி இருந்தும் படிக்கவும் எழுதவும் தடுமாற வைக்கும் கற்றல் குறைபாட்டை, எப்படி அடையாளம் காண்பது என்று அவருக்கு யாரும் சொல்லித் தந்ததில்லையாம். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளில் கற்றல் குறைபாட்டையும் சேர்த்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரவும் சொல்கிறது. எப்போதாவது வந்துபோகும் சிறப்பாசிரியர் போதாது, தினமும் அவன் முன்னால் நிற்பவர் வகுப்பாசிரியர்தானே. பயிற்சி என்று கூப்பிட்டு ஸ்லைடு காட்டி டீ கொடுத்து அனுப்பாமல், இப்படி ஒரு பிள்ளையின் நோட்டை நடுவில் வைத்துக்கொண்டு, எங்கே தடுமாறுகிறான், வாய்மொழியாகக் கேட்டால் என்ன, கூடுதல் நேரம் கொடுத்தால் என்ன என்று பேச வையுங்கள். வரும் கோடை விடுமுறையிலேயே ஆரம்பிக்கலாம்.

- ஒரு வாசகர், மதுரை