யாரும் வாழாத மலையா? கல் பங்களாவைப் பற்றிக் கையேடு அச்சிடுவோருக்கு ஒரு திறந்த மடல்

உதகமண்டலத்துக்கு வருகிறவர்களுக்காகக் கையேடு அச்சிடுகிறவர்களுக்கும், சுற்றுலா வண்டியில் நின்று ஊரின் கதையைச் சொல்கிற வழிகாட்டிகளுக்கும் வணக்கம்.

உதகை அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கும் கல் பங்களாவை யார் கட்டியது, எப்போது கட்டியது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. சென்ற மாதம் என் கைக்கு வந்த கையேட்டில் இருந்த ஒரு வரியைப் பற்றித்தான் எழுதுகிறேன். “யாரும் வாழாத மலையில் ஜான் சல்லிவன் குடும்பம் எழுப்பிய விக்டோரியா காலத்து வீடு” என்பது அந்த வரி. அதை நீக்குங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

சமவெளியிலிருந்து வந்த பள்ளிப் பிள்ளைகள் நாற்பது பேருக்கு ஊரைச் சுற்றிக் காட்ட, ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன் என்ற முறையில் என்னை அழைத்திருந்தார்கள். பூத்தையல் வேலையைப் பிள்ளைகளுக்கு விளக்கத் தோடர் பெண்மணி ஒருவரும் பூத்துக்குளி என்ற தோடர் சால்வையைப் போர்த்தி வந்திருந்தார். கையேட்டைப் படித்து முடித்த ஒரு சிறுமி, மிகுந்த மரியாதையோடு அவரிடம் கேட்டாள்: “அம்மா, நீங்கள் எந்த ஊரிலிருந்து இங்கே வந்தீர்கள்?” அவர் கையேட்டை வாங்கி, அந்த வரியை நிதானமாகப் படித்தார். மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “இந்த மலைதான் கண்ணு” என்றார். அதற்குப் பிறகு மதியம்வரை அவர் அதிகம் பேசவில்லை. குழந்தை மேல் தவறில்லை. அச்சில் இருந்ததை நம்பினாள், அவ்வளவுதான்.

மலையில் யாரும் இல்லையென்றால் சல்லிவன் யாரிடம் நிலம் வாங்கினார்? கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த அவர், 1822இல் வீடு கட்டத் தொடங்கியபோது ஏக்கருக்கு ஒரு ரூபாய் என்று தோடர்களிடம் வாங்கிய நிலம் அது. அந்த விலை நியாயமா என்பதைத் தனியாகப் பேசலாம். ஆனால் வாங்கியவர் ஒருவர் இருந்தால் விற்றவரும் இருந்தாக வேண்டும். ஊரின் பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலேயர் ‘ஊட்டகமண்ட்’ என்று எழுதிய பெயரின் கடைசியில் நிற்பது ‘மந்து’தான்; மந்து என்பது தோடர் குடியிருப்பு. தாவரவியல் பூங்காவுக்கு நீங்கள் அழைத்துப்போகும் வழியிலேயே இன்றும் ஒரு மந்து இருக்கிறது.

சல்லிவனுக்கும் இந்த வரி அநீதி செய்கிறது. இந்த மலை தோடர்களுக்கு உரிமையானது என்று கம்பெனி அரசிடம் வாதாடியவர் அவர். அவர் ஒப்புக்கொண்டதை இருநூறு ஆண்டுகள் கழித்து நீங்கள் மறுக்கிறீர்கள். அந்தக் குடும்பத்தின் மேல் எனக்கு மனக்குறை ஒன்றுமில்லை. 1838இல் மனைவியையும் மகளையும் அடுத்தடுத்து இந்த மண்ணில் புதைத்தவர் சல்லிவன். புனித ஸ்டீபன் ஆலயத்துக் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் அந்தக் கல்லருகே நின்றுவிட்டுத்தான் வருவேன்.

‘விக்டோரியா காலம்’ என்பதும் பிழை. விக்டோரியா ராணி பிறந்ததே சல்லிவன் முதன்முதலாக மலையேறிய 1819இல்தான். கல் பங்களா வேலை தொடங்கியபோது அவருக்கு மூன்று வயது. அரியணை ஏறியது 1837இல். இதைச் சரிபார்க்க ஐந்து நிமிடம் போதும்.

கோபம் இந்த ஒரு வரியோடு நிற்கவில்லை. எருமை மேய்ந்த புல்வெளிகளில் தைலமரமும் சீகை மரமும் நட்டுவிட்டு, அதையே இயற்கை எழில் என்று படம் போடுகிறோம். ஒரு புல்வெளிக்கு, மதராஸ் ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயர் இருக்கிறது. தோடர்கள் அதை என்ன சொல்லி அழைத்தார்கள் என்று எந்தக் கையேடும் கேட்பதில்லை. ஏரியை வெட்டியவர் சல்லிவன் என்று எழுதுகிறோம், மண் சுமந்தவர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. முப்பத்திரண்டு ஆண்டுகள் வகுப்பறையில் நின்றவன் நான். பிள்ளைகள் பாடப்புத்தகத்தை மறந்துவிடுவார்கள். சுற்றுலா போன இடத்தில் கேட்டதை மறப்பதில்லை.

கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சிறியது. ‘யாரும் வாழாத’ என்பதை எடுத்துவிடுங்கள். அந்த இடத்தில், தோடர்களிடம் ஏக்கருக்கு ஒரு ரூபாய்க்கு நிலம் வாங்கிச் சல்லிவன் கட்டிய வீடு, இன்று அரசு கலைக் கல்லூரி வளாகத்தில் நிற்கிறது என்று போடுங்கள். அச்சுக்குப் போகுமுன் பிரதியை ஏதாவது ஒரு மந்துக்கு எடுத்துப்போய்ப் படித்துக் காட்டுங்கள். வழி காட்ட ஆள் வேண்டுமென்றால் நான் வருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். அன்று பிள்ளைகளிடம் இருந்த நாற்பது பிரதிகளிலும் அந்த வரியைப் பேனாவால் நானே அடித்துத் திருத்திக் கொடுத்தேன். மீதிப் பிரதிகள் உங்களிடம்தான் இருக்கின்றன.

இப்படிக்கு,
உதகையில் வாழும் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியன்