ஜோவுக்கு ஐம்பது டாலர்

ஹூஸ்டன்
மார்ச் 9

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதென்றால் இந்த இடத்திலேயே திட்டி முடித்துக்கொள். நீ சௌக்கியமா, வீட்டில் சௌக்கியமா, மாடி பூசியாச்சா, எல்லாம் கேட்டாயிற்று. இங்கே மகள் வீட்டில் எனக்கு இரண்டே உத்தியோகம்: பேரனைப் பள்ளிக்கூட பஸ்ஸில் ஏற்றுவது, டிஷ்வாஷரைத் தொடாமல் இருப்பது. இரண்டாவதில்தான் அடிக்கடி தவறிவிடுகிறேன்.

போன சனிக்கிழமை அலமோவுக்குப் போனோம். அதே அலமோதான்; மெக்சிகோவிலிருந்து பிரியப் போராடிய டெக்சஸ்காரர்கள் மெக்சிகோப் படையோடு மோதிச் செத்த கோட்டை. ரீகலில் படம் பார்த்துவிட்டு வெளியே வந்து, மேலவெளி வீதி நடுவில் குடையைத் துப்பாக்கியாகத் திருப்பிப் பிடித்து, டேவி கிராக்கெட் இப்படித்தான் அடித்துக்கொண்டே செத்தான் என்று ரிக்‌ஷாக்காரர் மேல் ஒரு போடு போட்டாயே! பந்தயம் நாலு பரோட்டா. அது இன்னும் தீரவில்லை. பென்யா என்ற மெக்சிகோ ராணுவ அதிகாரி எழுதிவைத்ததன்படி, அவனை உயிரோடு பிடித்துத்தான் கொன்றார்கள். அந்தக் கையெழுத்துப் பிரதியை நம்பலாமா என்று ஒரு கோஷ்டி இன்னமும் மல்லுக்கட்டுகிறது. ஆகவே பரோட்டா நிலுவையில் இருக்கட்டும்.

பேரன் நாலாம் வகுப்பு. டெக்சஸ் வரலாறு இங்கே அந்த வகுப்பில்தான் வரும். வழியெல்லாம் எனக்குப் பாடம் எடுத்தான். அலமோவின் தளபதி டிராவிஸ் வாளை உருவி மண்ணில் கோடு கிழித்தாராம், சாகத் துணிந்தவர்கள் தாண்டி வாருங்கள் என்றாராம், ஒருத்தனைத் தவிர அத்தனை பேரும் தாண்டினார்களாம். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சண்டை நடந்தது 1836இல். கோட்டுக் கதையை ஸூபர் என்பவர் அச்சில் ஏற்றியது 1873இல். டிராவிஸின் வீர உரையில் ஒரு பத்தி தன்னுடைய சரக்கு என்று பிற்பாடு அவரே ஒத்துக்கொண்டார். இதைச் சொன்னதும் பயல் முகம் சுண்டிவிட்டது. உன் தங்கச்சி என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத வேண்டாம்.

கோடு போனால் போகட்டும் மாப்ளே. அதில் யாருக்கும் நஷ்டமில்லை. என்னைத் தூங்கவிடாமல் செய்வது ஜோ.

ஜோ டிராவிஸின் அடிமை. இருபது வயது சொச்சம். மார்ச் 6 விடிகாலையில் மெக்சிகோப் படை ஏறி வந்தபோது எஜமானோடு துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு மதிலுக்கு ஓடியவன். டிராவிஸ் ஆரம்பத்திலேயே குண்டடி பட்டு விழுந்ததும் ஒரு அறைக்குள் பதுங்கி, அங்கிருந்தும் சுட்டான். எல்லாம் அடங்கிய பிறகு ஒரு அதிகாரி, கறுப்பர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுக்க, வெளியே வந்தான். அப்போதும் காயம்; அந்த அதிகாரி தடுத்ததால்தான் உயிர் தப்பியது. டிராவிஸ் எப்படி விழுந்தான் என்று நமக்குத் தெரிவதே ஜோ வாயால்தான். நீயும் நானும் மூன்று தடவை பார்த்த படத்துக்கு ஆதிச் சாட்சி அவன்.

இப்போது தேதிகளைப் பார். மார்ச் 17, டெக்சஸ் குடியரசு தன் அரசியல் சட்டத்தை முடிக்கிறது. அடிமைகளை விடுவிக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரம் கிடையாது; எஜமானே நினைத்தாலும் அதன் அனுமதி இல்லாமல் விடுவிக்க முடியாது, நாட்டைவிட்டு வெளியே அனுப்பினால் தவிர. சுதந்திரமான கறுப்பர் அங்கே நிலையாகக் குடியிருப்பதற்கும் அனுமதி வேண்டும். மார்ச் 20, ஜோவை அமைச்சரவை முன்னால் நிறுத்தி நடந்ததைச் சொல்லச் சொல்கிறார்கள். இடம் எது தெரியுமா? 1822இல் சுமார் தொண்ணூறு அடிமைகளோடு டெக்சஸுக்குக் குடிவந்த ஜாரெட் குரோஸின் பண்ணை வீடு. அங்கே இருந்த கிரே என்பவர் நாட்குறிப்பில் எழுதுகிறார்: அடக்கமாக, ஒளிவுமறைவில்லாமல், அவனுடைய வர்க்கத்தானுக்கு வியக்கத்தக்க தெளிவோடு சொன்னானாம்.

சொல்லி முடித்ததும்? டிராவிஸின் சொத்து அல்லவா, சொத்தை நிர்வகித்தவரிடமே ஒப்படைத்துவிட்டார்கள்.

இதெல்லாம் ஓரத்தில் நடந்த சங்கதி என்று நினைக்காதே. டெக்சஸ் மெக்சிகோவின் கீழ் இருந்தபோது அமெரிக்கர்களை அங்கே கூட்டிவந்து குடியமர்த்திய ஆஸ்டினின் ஆரம்பத் திட்டமே அடிமை ஒருவருக்கு 80 ஏக்கர் கூடுதல் நிலம். 1825 கணக்கெடுப்பில் 1,800 பேரில் 443 பேர் அடிமைகள். 1829இல் மெக்சிகோ அடிமைமுறையை ஒழித்தபோது டெக்சஸ்காரர்கள் அழுது புரண்டு விலக்கு வாங்கினார்கள். அடிமைகளிடம் 99 வருஷ வேலை ஒப்பந்தம் எழுதி வாங்கும் தந்திரமும் இருந்தது. 99 வருஷம்! நம்ம ஊர் வட்டிக்கடைக்காரருக்குக்கூடத் தோன்றாது. நீ கத்தியோடு கும்பிட்ட அலமோ வீரன் ஜிம் போவி, கால்வெஸ்டனில் லஃபீட் என்ற கடற்கொள்ளைக்காரனிடம் அடிமைகளை வாங்கி லூசியானாவுக்குள் கடத்தி விற்றவன்.

உடனே மெக்சிகோக்காரன்தான் உத்தமன் என்று கட்சி மாறிவிடாதே. 77இல் உன்னைப் பார்த்தவன் நான். மெக்சிகோ அதிபரும் படைத்தலைவருமான சாண்டா அன்னா 1824ஆம் வருஷத்து அரசியல் சட்டத்தைத் தூக்கிக் கடாசியவர். சகாதேகாஸ் மாகாணம் எதிர்த்து நின்றபோது நசுக்கினார். அங்கே அடிமை விவகாரம் எதுவும் கிடையாது. டெக்சஸில் பிறந்து வளர்ந்த மெக்சிகர்களே, ஹுவான் செகீன் மாதிரி, அவருக்கு எதிராகச் சண்டை போட்டார்கள். அலமோவில் செத்தவர்களின் சாம்பலைப் புதைத்தவர் செகீன்தான். ஆறு வருஷத்துக்குள் அவரே டெக்சஸை விட்டு ஓட வேண்டி வந்தது. எந்தப் பக்கமும் கைதட்ட முடியாமல் உட்கார்ந்திருக்கிறேன். இந்த வயதில் இது தேவையா?

ஜோவுக்கு வருகிறேன். 1836 ஏப்ரல் 21 சான் ஹசின்டோவில் பதினெட்டு நிமிஷச் சண்டை, டெக்சஸுக்கு வெற்றி. சரியாக ஒரு வருஷம் கழித்து, 1837 ஏப்ரல் 21, அதே நாள் இரவில் ஜோ கம்பி நீட்டினான். கூட ஒரு மெக்சிகன், இரண்டு குதிரைகள். பிடித்துக் கொடுத்தால் ஐம்பது டாலர் என்று பத்திரிகையில் விளம்பரம். ஆளை எப்படி அடையாளம் காண்பது? எஜமானோடு அலமோவில் இருந்தவன் என்று அதிலேயே அச்சடித்திருந்தார்கள். அச்சுக் கோத்தவனுக்குக் கை நடுங்கியிருக்காதோ என்று கிழவன் மாதிரி யோசித்துக்கொண்டிருக்கிறேன். மூன்று மாதம் ஓடியது அந்த விளம்பரம்.

ராத்திரி பேரனுக்கு இந்தக் கதையைத்தான் சொன்னேன். வாள், கோடு எல்லாம் மறந்துவிட்டான். “தாத்தா, ரெண்டு குதிரையில எது ஜோவுக்கு?” என்று கேட்டுக்கொண்டே தூங்கிப்போனான்.

அடுத்த மாதம் 21ஆம் தேதி சான் ஹசின்டோ நினைவுத் தூணுக்குக் கூட்டிப்போவதாக மருமகன் சொல்கிறார். இங்கிருந்து பக்கம்தான். மே கடைசியில் ஊருக்கு வருகிறேன். அதற்குள் கண் ஆபரேஷனை முடித்துவிடு. அந்த ஒற்றைக் கண்ணாடியோடு ஸ்டேஷனுக்கு வராதே, போன தடவை பட்டது போதும்.

உன்,
நெட்டையன்